கீழ் டிராயர்

கரண்டு போனபோது என் சம்சாரம் மயிலாத்தாளின் சான்றிதழ் மெஷினுக்குள் குப்புறப் படுத்திருந்தது. மூடியைத் திறந்து எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். "வேண்டாமுங்கய்யா, அது பாட்டுக்கு இருக்கட்டும். கரண்டு வந்ததீம் ஒரே அமுக்கு, முடிஞ்சுது" என்றாள் ஜெராக்ஸ் கடை ஹசீனா. பத்து நிமிஷமாம். இந்தத் தெருவில் பத்து நிமிஷம் என்றால் முக்கால் மணி. ஸ்டூலில் உட்கார்ந்தேன். மெஷின் இன்னும் சூடாக இருக்கிறது, முழங்கையை அருகில் கொண்டுபோனால் தெரிகிறது. ஐம்பது வருஷத்துக் காகிதம். அந்தச் சூட்டில் மொறமொறவென்று ஆகிவிடுமோ, எழுத்தெல்லாம் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு வெறும் தாள் மட்டும் வெளியே வருமோ என்று நினைத்தேன். அப்படியெல்லாம் ஆகாது என்று தெரியும். தெரிந்தால் பயம் நின்றுவிடுகிறதா என்ன. சான்றிதழை நினைத்துப் பயந்துகொண்டிருக்கும் வரை கையில் இருக்கும் கார்டை நினைக்காமல் இருக்கலாம், அதற்காகத்தான் பயப்படுகிறேனோ என்னவோ. பிளாஸ்டிக் உறையிலிருந்து சான்றிதழை உருவிக் கொடுத்தபோது அதன் முதுகிலிருந்து விழுந்தது இந்தக் கார்டு. ஹசீனாதான் குனிந்து எடுத்தாள். "இதையும் போடணுங்களா?" இல்லை என்று சொல்லி வாங்கிக்கொண்டேன். அந்த நிமிஷம்தான் மின்விசிறி நின்றது. ரிஜிஸ்தர் தபால் போய்ச் சேர்ந்ததும், வாங்கியவர் கையெழுத்தோடு அனுப்பியவருக்கே திரும்பி வருமே, அந்த ஏ.டி. கார்டு. ஒரு பக்கம் மயிலாத்தாளின் கல்யாணத்துக்கு முந்தைய விலாசம், அவள் கையாலேயே எழுதியது. மறுபக்கம், பெற்றுக்கொண்டவர் என்ற இடத்தில், வால் நீண்ட என் கையெழுத்து.

மகள் வான்மதி அமெரிக்காவிலிருந்து காலையில் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியிருந்தாள். மூன்று முறை கேட்டேன். "அப்பா, நாளைக்குக் காலையில பத்து மணிக்கு தாரிணிக்குப் பட்டமளிப்பு. இவ வரமாட்டேன்னு ரூமைச் சாத்திக்கிட்டு உக்காந்திருக்கா." அந்த நாளை என்பது இப்போது வந்துவிட்டது. இங்கே சாயங்காலம் ஐந்து, அங்கே விடிந்து ஏழரை. அந்த ஊரில் பட்டத்தின் மேல் லத்தீனில் மூன்று படி வைத்திருக்கிறார்கள். மேல்படியின் பெயர் சும்மா என்று ஆரம்பிக்கும், சும்மா வராதுப்பா அது என்று வான்மதி எப்போதோ சொல்லிச் சிரித்தாள். பேத்திக்குக் கிடைத்தது நடுப்படி, மாக்னா. புள்ளிக்கு அப்புறம் வருகிற எண்ணில் மேல்படி கை நழுவிவிட்டது. "நாலு வருசம் ஒழுங்காத் தூங்காமப் படிச்சாப்பா. வேலைக்கு எடுக்கறவங்க இதையெல்லாம் பாப்பாங்களா? பாக்க மாட்டாங்கன்னு நான் சொன்னா, உனக்கென்ன தெரியும்ங்கறா. நீங்க முப்பது வருசம் மில்லுல இருந்தவரு, அப்ளிகேசன் பிரிச்சவரு. நீங்க சொல்லுங்க. அப்புச்சி சொன்னா கேப்பா. அப்புறம் அம்மாவோட கோல்டு மெடல் சர்டிபிகேட்டை ஒரு காப்பி அனுப்புங்க. உங்க அமுச்சி கோல்டு மெடலு, ஒரு நாள் வேலைக்குப் போகல, என்ன கொறைஞ்சு போயிட்டா, நல்லாத்தான இருந்தான்னு காட்டறேன்." நல்லாத்தான இருந்தா. மூன்று முறை கேட்டதும் இந்த இடத்துக்காகத்தான். நல்லாத்தான இருந்தா என்று சொல்லும்போது வான்மதியின் குரலில் ஒரு சந்தேகமும் இல்லை.

கடைக்குள் புழுக்கம் ஏறிவிட்டது. ஆதார் கார்டு நகல் எடுக்க வந்தவர் ஒருவர் வாசல்படியில் நின்று துண்டால் விசிறிக்கொண்டிருந்தார். என்னுடையது என்ன சர்டிபிகேட் என்று கேட்டார். சம்சாரத்தோடது, யுனிவர்சிட்டி கோல்டு மெடல் என்றேன். "அப்படியுங்களா! எத்தனை பவுனுங்க?" ஹசீனா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது, ஏனென்றால் கல்யாணத்தன்று என் பெரியம்மா கேட்டதும் அதே கேள்விதான். சீர் வரிசையெல்லாம் ஜமுக்காளத்தில் பரப்பியிருந்தது. குத்துவிளக்கு, சில்வர் குடம், அண்டா, அதற்கு நடுவில் மயிலாத்தாளின் அப்பா ஒரு சிவப்பு வெல்வெட் டப்பாவைத் திறந்து வைத்திருந்தார், உள்ளே மெடல். பெரியம்மா அதைக் கையில் எடுத்து எடை பார்த்தாள். "எத்தனை பவுனு கண்ணு வரும்?" மணப்பெண் தலையைக் குனிந்தபடியே சொன்னாள், "முலாமுங்க பெரியம்மா. உள்ள பித்தளை." சுற்றி நின்ற பொம்பளைகள் கொல்லென்று சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். நான் மட்டும் சிரிக்கவில்லை. நான் அன்றைக்கு வேறொன்றுக்குப் பயந்துகொண்டிருந்தேன்.

அப்பாயின்ட்மெண்ட் செக்ஷன் என்று பெயர்தான் பெரிது. மில் கேட்டைத் தாண்டியதும் இடது பக்கம் ஓர் அறை, ஒரு மேஜை, மேஜைக்கு மூன்று டிராயர். பஞ்சு தூசு ஜன்னல் கம்பியில் பூனை முடி மாதிரி படிந்திருக்கும். எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றவன் நான். இங்கிலீஷைப் பழைய டிக்‌ஷனரி ஒன்றை வைத்துக்கொண்டு ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை என்று நானே படித்தேன். அப்படிப்பட்டவன் பட்டதாரிகளின் விண்ணப்பங்களைப் பிரித்து அடுக்குகிற வேலையில் உட்கார்ந்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை கூட இருந்தது, இப்போது ஒப்புக்கொள்வதில் என்ன. அந்த அறையில் ஒரு வழக்கம் இருந்தது, எங்கேயும் எழுதி வைக்காத வழக்கம். பர்சனல் ஆபீசர் வெங்கிடுபதி சார் முதல் வாரமே சொல்லிக் கொடுத்தார். செகண்ட் கிளாஸ் மேல் டிராயர். தேர்ட் கிளாஸும், சிபாரிசு இருந்தால், நடு டிராயர். ஃபர்ஸ்ட் கிளாஸ், ராங்க், மெடல் எல்லாம் கீழ் டிராயர். எனக்குப் புரியவில்லை, மாற்றிச் சொல்லுகிறாரோ என்று நின்றேன். "என்ன சென்னியப்பா முழிக்கறே? ராங்க் வாங்கினவன் நம்ம மில்லுல நிப்பானா? பேங்க்ல கூப்பிட்டா அன்னிக்கே போயிருவான். நமக்கு நிக்கறவன் வேணும். செகண்ட் கிளாஸ்தான் நிப்பான், போக எடமில்லாதவன்." சொல்லிவிட்டு வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சிரித்தார். கெட்டவர் இல்லை. என் தங்கை கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பே வந்து பந்தல் வேலையைப் பார்த்துக்கொண்டவர். கீழ் டிராயர் இழுத்தால் கிறீச்சென்று சத்தம் போடும், பாதிக்கு மேல் வராது. உள்ளே போனது பெரும்பாலும் உள்ளேயே இருக்கும். வருஷத்துக்கு ஒரு முறை அதைக் காலி செய்து, பின்பக்கம் எழுதாத தாள்களைப் பாதியாக வெட்டி, நூல் கோத்து, கிறுக்கிப் பார்க்கும் ரஃப் நோட்டாக ஆக்கிக்கொள்வோம். மில்லில் நூலுக்கா பஞ்சம்.

எழுபத்தைந்தாம் வருஷம், நூலுக்கு அடக்கவிலைக் கணக்குப் போடுகிற காஸ்டிங் செக்ஷனுக்கு ஓர் ஆள் கேட்டு விளம்பரம் போட்டோம். ஏதாவது ஒரு டிகிரி போதும். நூற்றுச் சொச்சம் வந்தது, எல்லாம் சாதா தபால். ஒன்று மட்டும் ரிஜிஸ்தர் தபால். போஸ்ட்மேன் கார்டை நீட்டினார், கையெழுத்துப் போட்டேன். அவ்வளவு நம்பிக்கையோடு யார் அனுப்பினது என்று முதலில் அதைத்தான் பிரித்தேன். ஆர். மயிலாத்தாள், பி.எஸ்சி. கணிதம், யுனிவர்சிட்டியில் முதல் இடம், தங்க மெடல். பாஸ்போர்ட் அளவு போட்டோ ஒட்டச் சொல்லியிருந்தோம். அந்தப் பெண் பட்டமளிப்பு அன்று ஸ்டூடியோவில் எடுத்த போட்டோவையே வெட்டி ஸ்டேபிள் போட்டிருந்தாள். கருப்பு அங்கி, தலையில் தொப்பி, கையில் சுருட்டிய காகிதம், சிரிக்கக் கூடாது என்று யாரோ சொல்லிக் கொடுத்த முகம். தொப்பி பாதி வெட்டுப்பட்டிருந்தது. அவளிடம் வேறு போட்டோ இல்லை என்பது அப்புறம்தான் தெரியும். அன்றைக்கு நான் நினைத்தது, அடேயப்பா, எவ்வளவு கர்வம். அதைத்தான் நினைத்தேன். வெங்கிடுபதி சாரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். "மயிலாத்தாளா? பேரைப் பாத்தா ஊத்துக்குளி வெண்ணெய் விக்கறவளாட்டம் இருக்குது, மெடலைப் பாரு! காலேஜ்ல வாத்தியாராப் போகட்டும். கீழ வை." கீழே வைத்தேன். என் கையால்தான் வைத்தேன். வைக்காமல் மேல் டிராயரில் போட்டிருந்தால் அவர் கவனித்திருக்க மாட்டார், அது எனக்கு அப்போதே தெரியும். நூற்றுச் சொச்சத்தில் ஒன்று கூடுதலாகப் போயிருக்கும், இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருப்பார்கள், வந்து உட்கார்ந்து வாயைத் திறந்திருந்தால் போதும். எத்தனை முறை அந்தத் தாளை மேல் டிராயருக்கு மாற்றியிருக்கிறேன், மனசுக்குள். மாற்றினதும் இன்னொன்று தோன்றும். வேலை கிடைத்திருந்தால் அவள் எனக்குக் கிடைத்திருக்க மாட்டாள். உடனே கை தானாகக் கீழே போய்விடும்.

இரண்டு வருஷம் கழித்துத் தரகர் சொன்னார் என்று பெண் பார்க்கப் போனோம். பேரைக் கேட்டபோது எங்கேயோ கேட்ட மாதிரி இருந்ததே தவிர உறைக்கவில்லை. அவளுடைய அப்பா முனிசிபாலிட்டியில் சிறுவாணித் தண்ணி வால்வு திறந்துவிடுகிற வேலை. முன்னறைக்குள் கால் வைத்து நிமிர்ந்தால் சுவரில் அந்தப் போட்டோ. அங்கி, சுருட்டிய காகிதம், இங்கே தொப்பி முழுசாக. உட்காரச் சொன்னது காதில் விழவில்லை. அவர் நான் பிரமித்துப் போனதாக நினைத்துக்கொண்டு, அருகில் வந்து தணிந்த குரலில் சொன்னார், "படிப்பு ஜாஸ்தியாப் போச்சுங்க மாப்பிள்ளை. மெடலு வாங்கினப்போ ஊரே வந்து பாத்துச்சு. இப்பப் பாத்தா வர்ற மாப்பிள்ளைக எல்லாம் இந்தப் போட்டோவைப் பாத்துப்போட்டு, காப்பி குடிச்சுப்போட்டுப் போயிர்றாங்க. கழட்டி வெச்சர்லாமான்னா பொண்ணு வேண்டாங்குது." அவர்களும் ஆளுக்கொரு கீழ் டிராயர் வைத்திருந்தார்கள். எனக்கு அன்று வந்தது இரக்கமா, பயமா, அவள் காப்பித் தம்ளரோடு வந்து நேராக என் முகத்தைப் பார்த்ததா, பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. தனியாகப் பேசச் சொன்னார்கள். வேலைக்கு ஏதும் முயற்சி பண்ணவில்லையா என்று கேட்டேன். ஏன் கேட்டேன்? நாக்கு வலிக்கிற பல்லையே நாடிப் போவது மாதிரி. "பதினொரு எடத்துக்குப் போட்டனுங்க. ஒரு பதிலும் வரலை" என்றாள். "உங்க மில்லுக்கும் போட்டேன்." அப்படியா, எனக்குத் தெரியாதே என்றேன். எங்கள் கல்யாண வாழ்க்கையில் நான் அவளிடம் பேசின முதல் வாக்கியங்களில் ஒன்று அது.

பதினொன்றில் ஒன்று. அந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டுதான் நாற்பத்து மூன்று வருஷம் ஓட்டினேன். பத்துப் பேர் செய்ததைத்தான் பதினோராவதாக நானும் செய்தேன், நான் செய்யாவிட்டாலும் பெரிதாக ஒன்றும் ஆகியிருக்காது. அவளோ கூடத்தில் தெருப் பிள்ளைகளை உட்கார வைத்துக் கணக்குச் சொல்லிக் கொடுத்தாள். இட்லி மாவு பொங்குவதைப் பார்த்துக்கொண்டே அல்ஜீப்ரா சொல்லுவாள். எனக்கு அப்புறம் காஸ்டிங் செக்ஷனுக்கே மாற்றல் கொடுத்தார்கள், நம்புவீர்களா, அவள் கேட்ட அதே நாற்காலிக்கு. நாங்கள் எடுத்த செகண்ட் கிளாஸ் பையன் நிற்கவில்லை. மூன்றாம் வருஷம் துபாய்க்குப் போய்விட்டான். பஞ்சில் எத்தனை சதவீதம் கழிவு, எந்த நம்பர் நூலுக்கு எவ்வளவு பஞ்சு விழும் என்று தாள் தாளாகக் கணக்கு. எனக்கு ஓடாது. வீட்டுக்குக் கொண்டுவருவேன். அடுப்படித் தரையில் காலை நீட்டிக்கொண்டு மடியில் அட்டை வைத்து அவள் போட்டு முடித்துவிடுவாள், பென்சிலைக் கொண்டையில் சொருகிக்கொள்வாள். மறுநாள் நான் என் கையெழுத்தில் எழுதிக் கொண்டுபோவேன். மில்லுக்குத் தெரியாமல் அவள் அந்த மில்லில் பதினேழு வருஷம் வேலை பார்த்தாள். சீனியர் அசிஸ்டென்ட் ஆனேன், அடுத்து சூப்பர்வைசர். மில்லை மூடின அன்று மானேஜர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "டிகிரி படிச்சவன் எவனும் உங்களாட்டக் கணக்குப் போடலீங்க" என்றார். வீட்டுக்கு வந்து அதைச் சொன்னேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். "எந்த டிகிரிங்க?" என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். வெங்காயமா சிரிப்பா, அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கார்டு விரலில் வியர்வை பட்டு நெகிழ்கிறது. வேட்டி மேல் வைத்துக்கொண்டேன். பதினொரு இடம் என்றாள், இங்கே இருப்பது ஒரே கார்டு. மற்றப் பத்தும் சாதா தபாலில் போட்டிருக்கலாம், கடைசியாக இதை மட்டும் ரிஜிஸ்தர் செய்து பார்த்திருக்கலாம். அல்லது பத்துக் கார்டையும் அடுப்பில் போட்டுவிட்டு இதை மட்டும் வைத்திருந்தாள். எப்போது தெரிந்தது அவளுக்கு? கல்யாணப் பதிவுக்குப் போயிருந்தோம், நான் கையெழுத்துப் போட்டுப் பேனாவை நீட்டினேன், அவள் வாங்காமல் பார்த்துக்கொண்டே நின்றாள். குமாஸ்தா, "போடும்மா, பின்னால ஆளு நிக்குது" என்று அதட்டினார். வெளியே வந்ததும், "உங்க கையெழுத்து நல்லாருக்குதுங்க. வாலு மட்டும் ரொம்ப நீளம்" என்றாள். ஆபீசில் எல்லோரும் இங்கிலீஷில் போட, நான் ஒருத்தன்தான் தமிழில் போடுவேன், கடைசி எழுத்தை இழுத்து விடுவேன். அதைப் புகழ்ச்சியாக எடுத்துக்கொண்டு அன்று முழுக்கச் சந்தோஷமாக இருந்தேன். அன்றைக்கா? வீட்டுக்குப் போய்ப் பெட்டியைத் திறந்து இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தாளா? இல்லை, துபாய்க்குப் போன பையனைப் பற்றிச் சொன்னபோது திரும்பிப் பார்க்காமல் கேட்டாளே, "நிக்கலீங்களா?" என்று. நிற்கிறவன், நிற்காதவன் என்கிற பேச்சை நான் வீட்டில் பேசியதே இல்லை என்று நினைத்திருந்தேன். பேசியிருப்பேனோ. தூக்கத்தில் பேசினேனோ. ஆஸ்பத்திரியில் கடைசி வாரம், பாங்கு பாஸ்புக் எங்கே, ரேஷன் கார்டு எங்கே என்று ஒவ்வொன்றாகச் சொல்லி வந்தவள், "என்ற சர்டிபிகேட்டு கவரைத் தூக்கிப் போட்டுறாதீங்க. பொறுமையா ஒரு நாளைக்குப் பிரிச்சுப் பாருங்க" என்றாள். சரி என்றேன். நாலு வருஷம் பிரிக்கவில்லை. மெடலைப் பார்க்கச் சொல்கிறாள் என்று நினைத்தேன். அந்த அங்கியை, அந்தக் காகிதத்தைப் பார்க்க எனக்கு முகம் இல்லை, அதனால் பிரிக்கவில்லை. அவள் என்னைப் பார்க்கச் சொன்னது இதையா? திட்டுவதற்கா, எனக்குத் தெரியும் பரவாயில்லை என்று சொல்லவா? ஒரு வரி எழுதி வைத்திருக்கக் கூடாதா. திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன், தபால் முத்திரையைத் தவிர ஒன்றும் இல்லை. கணக்கைப் போட்டு முடித்துவிட்டு விடையை மட்டும் என்னிடம் விட்டுவிட்டுப் போய்விட்டாள், டியூஷன் பிள்ளைகளிடம் செய்கிற மாதிரி.

அப்படியென்றால் வான்மதிக்கு என்ன சொல்வது. வரும் வழியில் தயாராக வைத்திருந்த பதில் நன்றாகத்தான் இருந்தது. யாரும் பாக்க மாட்டாங்க சாமி, மாக்னாவாவது சும்மாவாவது, ஆளைத்தான் பாப்பாங்க, வேலையைத்தான் பாப்பாங்க. முப்பது வருஷ அனுபவஸ்தன் சொன்னால் எடுபடும். பேத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள், வான்மதி அம்மாவின் சான்றிதழைக் காட்டி நல்லாத்தான இருந்தா என்பாள், எல்லாம் சுபம். கார்டை உறைக்குள் தள்ளி வீட்டுக்குப் போய்விடலாம். அந்த உறையும் ஒரு கீழ் டிராயர். உண்மையைச் சொன்னால் வான்மதி என்ன நினைப்பாள்? அவளுக்கு அப்பா என்றால் தன் முயற்சியில் படித்து முன்னுக்கு வந்தவர், அம்மாவை உட்கார வைத்துத் தாங்கினவர். நாற்பத்தைந்து வயசில் ஒருத்திக்கு அப்பாவை மாற்றிக் கொடுக்கலாமா? அதுவும் மகளுக்குப் பட்டமளிப்பு நடக்கிற அன்று காலையில்? வாரத்துக்கு இரண்டு முறை வருகிற அந்தக் குரல், சாப்டீங்களாப்பா என்கிற அந்த ஒன்று, வராமல் போனால் என்னிடம் வேறென்ன இருக்கிறது. வேண்டாம் என்று கார்டை உறைக்குள் நுழைத்தேன். பாதி போய் நின்றது. பாதிக்கு மேல் போகவில்லை. உள்ளே ஏதோ மடங்கியிருக்க வேண்டும், ஒன்றும் பெரிய காரணம் இல்லை. ஆனால் அந்தப் பாதியில் நின்ற கார்டைப் பார்த்தபோது எனக்கு அந்தக் கிறீச் சத்தம் கேட்டது.

மின்விசிறி ஒரு உதறு உதறிச் சுற்ற ஆரம்பித்தது. வாசல்படிக்காரர், "வந்துருச்சு, வந்துருச்சு" என்று துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். மெஷின் முனகிச் சூடேறியது. ஹசீனா பொத்தானை அமுக்கினாள், மூடியின் விளிம்பில் வெளிச்சம் ஒரு கோடாக இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு மெதுவாக நகர்ந்தது. சான்றிதழ் சேதமில்லாமல் வெளியே வந்தது. அவளே என் போனை வாங்கி நகலைப் படம் பிடித்து, வான்மதி பேரைத் தேடி அனுப்பினாள். "அவ்வளவுதானுங்களா அய்யா?" உறையிலிருந்து கார்டை இழுத்து நீட்டினேன். "இதையும் ஒண்ணு போட்டு அதுகூடவே அனுப்பிருங்கம்மா." அவள் திருப்பிப் பார்த்தாள். "எந்தப் பக்கமுங்க?" ரெண்டு பக்கமும் என்றேன்.

அனுப்பியாயிற்று, இரண்டு டிக் விழுந்துவிட்டது, இனி திருப்பி வாங்க முடியாது. வெளியே வேப்ப மரத்தடியில் போய் நின்று, மைக் படத்தின் மேல் கட்டை விரலை அமுக்கினேன். பேசத் தொடங்கும் முன்பே விரலை எடுத்துவிட்டதில் முதல் தடவை வெறும் பஸ் சத்தம்தான் போனது. மறுபடியும் அமுக்கினேன். "அம்முணி தாரிணி, அப்புச்சி பேசறேன். வேலைக்கு எடுக்கறவங்க இதையெல்லாம் பாப்பாங்களான்னு உங்கம்மா கேட்டா. பாப்பாங்க சாமி. நல்லாப் பாப்பாங்க. உங்க அமுச்சியோடதை நாந்தான் பாத்தேன். ஒரு கார்டு அனுப்பியிருக்கறேன் பாரு, அதுல இருக்கறது என்ற கையெழுத்து. பாத்துப்போட்டு நான் என்ன பண்ணினேன்னு சொல்றேன், உங்கம்மாளையும் பக்கத்துல உக்கார வெச்சுக் கேளு. கேட்டுப்போட்டு ரெண்டு பேரும் என்னை என்ன வேணாலும் பேசுங்க. ஆனா முதல்ல போயி அந்தக் கருப்பு அங்கியைப் போட்டுக்க கண்ணு, தொப்பியோட ஒரு போட்டோ எடுத்துக்க. அதை எவன் எங்க வெச்சாலும், எடுத்தது எடுத்ததுதான்." மூச்சு வாங்கியது. விரலை எடுக்கவில்லை. எடுத்தால் போய்விடும். "அந்த மேஜைக்கு மூணு டிராயர் இருந்துச்சு சாமி," என்று ஆரம்பித்தேன்.